சொந்தமாக வாங்க வேண்டியவை

மூன்றாவது ஜோடி நீச்சல் துடுப்பும் குதிகாலில் முட்டிக்கொண்டு நின்றது.

"விரலை மடக்கித் தள்ளுங்க சார்," என்றாள் கடைப்பெண். தரையில் மண்டியிட்டு அவர் காலைப் பிடித்திருந்தாள்.

"மடக்கினா சுளுக்கிக்கும்மா. அம்பத்திரண்டு வயசு விரலு."

"அப்போ பட்டை வச்ச ஃபின் எடுத்துக்கங்க. வேணுங்கற அளவுக்கு இறுக்கிக்கலாம். ஆனா அதுக்கு பூட்ஸ் தனியா வாங்கணும்."

"தனியான்னா?"

"தனியா காசு குடுத்து."

அவள் எழுந்து போய் பூட்ஸ் கொண்டுவந்தாள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விலைச்சீட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். பின்பக்கம் குறைத்து எழுதியிருக்கலாம் என்பதுபோலத் திருப்பியும் பார்த்தார்.

சட்டைப்பையில் நீர்மூழ்கிப் பள்ளி கொடுத்த தாள் இருந்தது. சிலிண்டர், மூச்சுக் கருவி, காற்று நிரப்பும் சட்டை, ரப்பர் உடை ஆகியவற்றைப் பள்ளியே தரும். அதன் கீழே 'சொந்தமாக வாங்க வேண்டியவை' என்று தலைப்பிட்டு நான்கு பொருட்கள்: மாஸ்க், மூச்சுக்குழல், ஃபின், பூட்ஸ். பயிற்சிக் கட்டணத்துக்கே போனஸ் முழுதும் போயிருந்தது. அத்தோடு முடிந்தது என்று நினைத்துத்தான் பணம் கட்டினார். இந்தத் தாள் ரசீதுக்குப் பின்னால் வந்தது.

"கண்ணாடி போடறவங்களுக்குச் சாதா மாஸ்க் ஆகாது சார். பவர் மாஸ்க்தான். ஆர்டர் குடுத்தா பத்து நாள்ல வந்துடும்." விலையைச் சொன்னாள். அவருடைய அரைமாதச் சம்பளம்.

அவர் சிரித்துவிட்டார். "நான் என்ன வேலை பாக்கறேன்னு தெரியுமா? முப்பது வருஷமா மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் வெட்டறேன். என்கிட்டயே லென்ஸ் விக்கறீங்களா?"

"அப்படின்னா எனக்கும் ஒண்ணு சல்லிசா வெட்டிக் குடுங்க சார். எங்க முதலாளி முகம் கொஞ்சம் மங்கலாத் தெரியற மாதிரி."

சாதா மாஸ்க், மூச்சுக்குழல், பட்டை வைத்த ஃபின், பூட்ஸ் என்று நான்கையும் வாங்கினார். பவர் மாஸ்க் வாங்காததில் மிஞ்சிய பணம் மற்ற மூன்றுக்கும் ஏறக்குறைய சரியாக இருந்தது. ஜெயித்தவர் மாதிரி பஸ் ஏறினார்.

வீட்டில் மனைவி ஃபின்னைக் கையில் தூக்கிப் பார்த்தாள். பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அவள் வேலை. அன்றைய கத்தலெல்லாம் தொண்டையில் கரகரத்தது.

"வாத்து வளக்கப்போறீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"கிண்டல் பண்ணு."

"அழணுமா? ஃபிரிட்ஜ் மாசக்கணக்கா ஒழுகுது. அதுக்குக் காசில்ல. முழுகறதுக்கு மட்டும் இருக்கு."

அவர் பூட்ஸை உறையிலிருந்து எடுத்துக் காலில் மாட்டி, சமையலறைக்கும் வாசலுக்குமாக இரண்டு முறை நடந்தார்.

"ஆறு வருஷம் ஆச்சுங்க," என்றாள் அவள், குரலை இறக்கி. "உப்புத் தண்ணி. அங்க என்ன இருக்கும்?"

"தெரியாது. பாக்கணும்."

ஆறு வருடத்துக்கு முன் ஒரு பயணப்படகு ஆற்று முகத்துவாரத்துக்கு வெளியே கவிழ்ந்தது. அதில் அவருடைய தம்பி இருந்தான். வயரிங் வேலை பார்த்தவன். தலை சுற்றுகிறது என்று கீழ்த்தட்டுக்குப் போய், இடதுபக்கம் மூன்றாவது ஜன்னலோரம் படுத்திருந்ததாகத் தப்பித்து வந்த ஒருவர் சொன்னார். பதினோரு பேர் கிடைக்கவில்லை. கதவு நெளிந்து இறுகிவிட்டது, உள்ளே போக வழியில்லை என்று அரசாங்கத்து முக்குளிப்பவர்கள் ஐந்தாம் நாள் கரையேறிவிட்டார்கள். படகு பதினேழு மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. ஆரம்பநிலைச் சான்றிதழ் வைத்திருப்பவர் பதினெட்டு மீட்டர் வரை இறங்கலாம். இந்தக் கணக்கை எங்கோ படித்த நாளிலிருந்து அவருக்கு வேறு கணக்கு எதுவும் மனதில் ஏறவில்லை.

பஸ்ஸைவிடப் படகில் டிக்கெட் பாதிதான், காற்றோட்டமாக வந்து சேர் என்று தம்பிக்கு போனில் சொன்னவர் அவர். அது மனைவிக்கும் தெரியும். அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

அவர் வேலை செய்த கண்ணாடிக் கடையில் முன்னறை பளபளவென்று இருக்கும். பின்னறையில் அரைக்கும் சக்கரமும் தண்ணீர் வாளியும் வெள்ளைச் சகதியும். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது மாஸ்க்கை அளவெடுத்தார். தன் கண்ணின் எண் அவருக்கு மனப்பாடம். அதே எண்ணில் இரண்டு லென்ஸ் எடுத்து, நெற்றியில் கண்ணாடி ஏறியிருக்க, விளிம்பை அரைத்து, மாஸ்க்கின் உட்பக்கம் பசைவைத்துப் பொருத்தினார். ஒரு குமிழி இல்லை. மாட்டிக்கொண்டு முன்னறைக்குப் போய், சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைக் கடைசி வரிவரை படித்தார்.

கண் பரிசோதிக்கும் அம்மாள் டிபன் டப்பாவோடு வந்து நின்று பார்த்தாள். "என்ன அண்ணா, ராக்கெட்ல போறீங்களா?"

"அதுக்கு நேர் எதிரா போறேன்."

நாற்பதைத் தாண்டிய எந்த வாடிக்கையாளர் வந்தாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: வெள்ளெழுத்து வந்தாச்சா, கீழ்ப்பாதியில படிக்கற பவர் வைக்கணுமா? முப்பது வருடத்தில் ஆயிரம் பேரிடமாவது கேட்டிருப்பார். தன்னிடம் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. அவருக்குத்தான் அந்தத் தொல்லையே கிடையாதே. கிட்டத்தில் எதையாவது பார்க்க வேண்டுமானால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடுவார், பளிச்சென்று தெரியும். பத்து வருடப் பழக்கத்தில் கை தானாகச் செய்யும் வேலை அது.

பயிற்சி நீச்சல்குளத்தில் தொடங்கியது. மொத்தம் ஆறு பேர். சொல்லித்தந்தவரை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டார். இவருக்கு ஜோடியாக வந்தவள் ஒரு நர்ஸ். முப்பது வயதிருக்கும்.

"நீ எதுக்கும்மா இதுக்கு வந்தே?"

"தண்ணிக்கடியில 'சிஸ்டர்'னு யாரும் கூப்பிட முடியாதாமே, அதான் அங்கிள்." அவள் திருப்பிக் கேட்டபோது அவர் தம்பியைப் பற்றிச் சொன்னார்.

மாஸ்டர் தன் உள்ளங்கையில் இரண்டு விரலால் தட்டினால், காற்று எவ்வளவு மிச்சம் என்று கேட்கிறார் என்று பொருள். சிலிண்டரிலிருந்து குழாயில் தொங்கும் மீட்டரைப் பார்த்துக் கையால் எண்ணைக் காட்ட வேண்டும். முழுச் சிலிண்டர் இருநூறு. ஐம்பதுக்கு வருமுன் மேலே வந்துவிட வேண்டும்.

முதல்நாள் குளத்தடியில் மாஸ்டர் உள்ளங்கையைத் தட்டினார். இவர் மீட்டரை முகத்தருகே கொண்டுவந்தார். முள்ளும் எண்ணும் கரைந்து ஒரு சாம்பல் வட்டமாக இருந்தன. கை நெற்றிக்குப் போனது. மாஸ்க்கின் ரப்பரைத் தொட்டு நின்றது.

அப்போதுதான் புரிந்தது: வெள்ளெழுத்து அவருக்கும் வந்தாச்சு, மாஸ்க்குக்குள் ஒட்டிய லென்ஸை நெற்றிக்கு ஏற்ற முடியாது. புரிந்ததும் தண்ணீருக்குள்ளேயே அவருக்கு வியர்த்த மாதிரி இருந்தது. மீட்டரைக் கை எட்டுமட்டும் தள்ளிப் பிடித்தார். வெள்ளை ஓடு, மேலே கண்ணாடிக் கூரை, நல்ல வெளிச்சம். கண்ணை இடுக்கிப் பார்த்தால் முள் தட்டுப்பட்டது. நூற்று ஐம்பது என்று காட்டினார். சரியாக இருந்தது.

லென்ஸைப் பெயர்த்தால் மாஸ்க் வீணாகும். பவர் மாஸ்க் வாங்க இனிப் பணமில்லை. மாஸ்டரிடம் சொன்னால் நிறுத்திவைப்பார். படகு கிடக்கும் இடத்தில் தண்ணீர் தெளிவது வருடத்தில் ஐந்தாறு வாரம்தான், அதிலும் பாதி போய்விட்டது. வார இறுதியில் கடலில் தேர்வு. தேறியவர்களைத் திங்கட்கிழமை படகுக்கே கூட்டிப்போவதாக மாஸ்டர் சொல்லியிருந்தார். இவர் அன்றைக்கு லீவு சொல்லிவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டிவிட்டால் போதும்.

சனிக்கிழமை ஆழம் குறைவு. ஒப்பேறிவிட்டது.

ஞாயிறன்று பத்து மீட்டர். இறங்க இறங்க வெளிச்சம் பச்சையாகி மங்கியது. தூரத்தில் எல்லாம் தெரிந்தது. பாறை, அதன்மேல் அசையும் பாசி, நர்ஸின் மஞ்சள் ஃபின். கையிலிருந்த மீட்டர் மட்டும் வெறும் பொத்தான். எவ்வளவு நீட்டிப் பிடித்தாலும் பொத்தான்.

இருபது நிமிடத்தில் மாஸ்டர் தட்டினார். குளத்தில் அவ்வளவு நேரத்துக்குச் செலவான கணக்கை வைத்து, கொஞ்சம் குறைத்து, குத்துமதிப்பாக நூற்று முப்பது என்று காட்டினார். பத்து நிமிடம் கழித்து மறுபடி. நூறு. மாஸ்டர் தலையசைத்துவிட்டு, சிலிண்டர் பட்டை நழுவிய இன்னொருவன் பக்கம் திரும்பினார். ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் இரண்டு மடங்கு காற்று போகும் என்பது வகுப்பில் படித்ததுதான். பயந்தவனுக்கு அதற்கும் மேல் போகும்.

காற்று நிற்கும்போது திடுமென்று நிற்கவில்லை. ஒரு மூச்சு கனத்தது. அடுத்தது அதைவிடக் கனத்தது. மூன்றாவதை இழுத்தபோது எதுவும் வரவில்லை.

பக்கத்தில் நர்ஸ் இருந்தாள். அவளிடம் உபரி மூச்சுக் கருவி மார்பில் தொங்கியது. அதை எடுத்துக் கடிக்க வேண்டும் என்று பத்துத் தடவை பழகியிருக்கிறார்கள். அவர் கண்ணுக்குத் தெரிந்தது அவள் வாயில் இருந்ததுதான். அதைப் பிடுங்கினார். இன்னொரு கை அவள் தோள்பட்டையைப் பிடித்தது. இரு காலாலும் கண்மண் தெரியாமல் உதைத்து மேலே போனார், அவளையும் இழுத்துக்கொண்டு. மெல்ல ஏறாவிட்டால் உள்ளிருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழிக்கும் என்பதும் வகுப்பில் படித்ததுதான்.

மேலே வந்ததும் அவளுக்கு இருமல் நிற்கவில்லை. படகில் ஏற்றியபோது கைக்குட்டையில் ரத்தம். அவளே பார்த்துவிட்டு, "நுரையீரல்," என்றாள், வேறொரு நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோல. "படுக்க வைங்க. ஆக்சிஜன் குடுங்க." இவர் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

கரையில் ஆம்புலன்ஸ் போனபிறகு மாஸ்டர் அவருடைய மாஸ்க்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யார் வெட்டினது?"

"நான்தான்."

"நல்லா வெட்டியிருக்கீங்க. மீட்டர் தெரிஞ்சதா?"

"தெரியல."

"எத்தனை நாளா?"

"மொத நாள்லேருந்து."

மாஸ்டர் லென்ஸின் விளிம்பை விரலால் தடவினார். "கண்ணு தெரியலைன்னா அது தப்பில்லைங்க. கீழ்ப்பாதியில படிக்கற பவர் வச்ச மாஸ்க் ஒண்ணு வாடகைக்கு நானே பிடிச்சுக் குடுத்திருப்பேன். ஒரு வாரத்துக்கு என்ன ஆகும், ஒரு சாப்பாட்டுக் காசு. நீங்க நூறுன்னு காட்டினீங்க."

"நாளைக்கு மட்டும் மாஸ்டர். தம்பி..."

"தெரியும். அந்த நர்ஸம்மா சொன்னாங்க, நீங்க எதுக்குக் கத்துக்கறீங்கன்னு. கடலுக்கும் உங்களையே ஜோடியாக் கேட்டு வாங்கினது அவங்கதான்." மாஸ்க்கை அவர் கையில் வைத்தார். "நான் கையெழுத்துப் போடமாட்டேன். மத்த பள்ளிக்கெல்லாம் உங்களைப் பத்தி எழுதித்தான் ஆகணும். அது சட்டம்."

வீட்டுக்குப் போனதும் மனைவி முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். "நர்ஸுக்கு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டாள், எல்லாம் சொல்லி முடித்ததும்.

மறுநாள் அவர் லீவை ரத்துசெய்துவிட்டு வேலைக்குப் போனார். மதியம்வரை பதினான்கு லென்ஸ் வெட்டினார். ஒன்று உடைந்தது. மூன்று மணிக்கு முதலாளி வந்து, ஒரு கண்ணாடிச் சட்டத்தின் திருகு தளர்ந்து வந்திருக்கிறது, பார் என்றார். பார்த்தார். ஐந்தரைக்குக் கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போனார். பார்வையாளர் நேரம் ஆறிலிருந்து ஏழு. நர்ஸின் கணவர் வராந்தாவுக்கு வந்து, ரத்தம் நின்றுவிட்டது, வியாழக்கிழமை அனுப்புவார்கள், மூன்று மாதம் வேலைக்குப் போகக்கூடாது என்றார். உள்ளே வரச் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. வாங்கிப்போன பழத்தைக் கணவர் வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் கூட்டம். நின்றுகொண்டே வந்தார். மனைவி முன்பே வந்திருந்தாள். எட்டு மணிக்குச் சாப்பிட்டார்கள். தேறிய நான்கு பேரையும் ஏற்றிக்கொண்டு மாஸ்டரின் படகு, தம்பியின் படகு மூழ்கிய இடத்துக்குக் காலையிலேயே போய்த் திரும்பியிருந்தது. தண்ணீர் தெளிவாக இருந்ததா என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.