ஒற்றை டிக்

சனிக்கிழமை மதியம் இரண்டு மணி பத்து நிமிடம். என் மகள் அனுப்பிய முதல் செய்திக்குக் கீழே அந்த நேரம்தான் இருக்கிறது. "மா, வயிறு ஒரு மாதிரி இருக்கு. கால் பண்ணுங்க." அவள் கிள்ளானில், மேரு பக்கத்துத் தாமான் குடியிருப்பில், ஆறு மாத வயிற்றோடு தனியாக இருந்தாள். மருமகன் சரவாக் கடலில் எண்ணெய் மேடையில் வேலை செய்கிறவர். மாதத்தில் பாதி நாள் கடல், பாதி நாள் வீடு. அது கடலில் இருந்த பாதி. நான் பிரிக்பீல்ட்ஸில் என் மாடி வீட்டில், விசிறிக்குக் கீழே, போனைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அந்தச் செய்தி மாலைவரை எனக்கு வரவில்லை. என் போனில் இடம் இல்லை.

இரண்டு நாள் முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். அவளை வீட்டில் 'கேர்ள்' என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்தில் கூட்டாளிகள் கேலி செய்த பெயர். முப்பது வயதிலும் அதே பெயர்தான். அவள் அப்பா இறந்த பிறகு எனக்குக் கவலைப்பட ஒரே ஆள் அவள். வயிற்றில் பிள்ளை தங்கியதும் கவலை இரண்டு மடங்கானது. காலையில் எழுந்ததும் வாட்ஸ்அப் புலனத்தில் கேட்பேன், பாப்பா அசைந்ததா என்று. பத்து மணிக்குக் கேட்பேன். மதியம் சாப்பாட்டின் படம் அனுப்பச் சொல்வேன். அந்த வியாழக்கிழமை அவள் போனில் வெடித்துவிட்டாள்.

"மா, ஒரு நாளைக்கு எத்தன தடவ கேப்பீங்க? பாப்பா ஒதைக்குது, நான் சாப்டேன், தண்ணி குடிச்சேன், பாத்ரூம் போனேன். போதுமா லா?"

"நான் கேக்காம வேற யாரு கேப்பா?"

"கேளுங்க. வேணாங்கல. ஆனா ஆபீஸ்ல மீட்டிங்ல இருக்கறப்ப டிங் டிங்னு பத்து மெசேஜ். அதுல எட்டு ரோசாப்பூ. ஒங்க போன்ல இருக்குற ரோசாப்பூவ எல்லாம் நட்டா கேமரன் மலையில ஒரு தோட்டமே போடலாம். மொதல்ல அத எல்லாம் அழிங்க. என்னைக்காவது போன் நின்னுரும், சொல்லிட்டேன்."

"சரிம்மா. இனிமே நான் ஒன்னத் தொந்தரவு பண்ணல" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவள் திரும்பக் கூப்பிட்டாள். நான் எடுக்கவில்லை. என் அம்மாவும் என்னிடம் இப்படித்தான் கோபித்துக்கொள்வார்கள். ஒரு நாள் பேசாமல் இருந்துவிட்டு மறுநாள் எதுவும் நடக்காத மாதிரி வந்து நிற்பார்கள். எனக்குக் கோபம்கூட இல்லை. அவள் சொன்னபடி நடந்து காட்ட வேண்டும் என்ற வீம்புதான். வெள்ளிக்கிழமை முழுக்க நான் ஒரு செய்தியும் அனுப்பவில்லை. பத்து வருடத்தில் முதல் தடவை.

சனிக்கிழமை சமையலை முடித்துவிட்டுப் புலனத்தைத் திறந்தால் அது திறக்கவில்லை. போனில் இடம் தீர்ந்துவிட்டது, சிலவற்றை அழித்தால்தான் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு நின்றது. சரி, இதுவும் அவள் சொன்னதுதானே, இன்று உட்கார்ந்து துப்புரவு செய்துவிடுவோம், நாளைக்கு அவளைக் கூப்பிட்டு 'பார், தோட்டத்தை அழித்துவிட்டேன்' என்று சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தேன்.

போனின் படத் தொகுப்பைத் திறந்தேன். எத்தனை குடும்பக் குழு, எத்தனை கோவில் குழு. காலை வணக்கங்கள், தீபாவளி, பொங்கல், பத்துமலைக் காவடிகள், யாரோ ஒருவரின் பேரப்பிள்ளை ஆடிய ஆட்டம். பிறகு எச்சரிக்கைகள். '03-ல் தொடங்கும் தெரியாத நம்பர் வந்தால் எடுக்காதீர்கள். போலீஸ், வங்கி, ஆஸ்பத்திரி என்று சொல்வார்கள். எல்லாருக்கும் பகிரவும்.' நானும் பகிர்ந்திருக்கிறேன். மகளுக்கும் அனுப்பியிருக்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரே அடியாக அழித்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். என்னால் முடியவில்லை. ரோஜாப்பூவுக்கு நடுவில் மகளின் படம் கிடக்கும் அல்லவா? அதனால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, குறியிட்டு, அழித்தேன். அவள் பட்டமளிப்பு விழாவில் தொப்பி கழன்று விழுந்த படம் வந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் மருதாணிக் கையோடு நூடுல்ஸ் ஊட்டிவிடச் சொன்ன படம் வந்தது. அதையெல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்கு அந்த மதியம் சந்தோஷமாகவே இருந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

ஐந்தாம் மாத ஸ்கேன் வீடியோவும் வந்தது. அவள் திரையைத் தன் போனால் எடுத்து அனுப்பியது. பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது, முகம் தெரியவில்லை. டாக்டர் வயிற்றை லேசாகத் தட்டியதும் ஒரு காலை நீட்டியது. உள்ளங்கால், ஐந்து விரலும் தனித்தனியாக. வீடியோவில் அவள் சிரிப்பு கேட்கும். "மா, பாத்தீங்களா, பாட்டிக்கு மொத மொத காலத்தான் நீட்டிக் காட்டுது. மரியாதயப் பாருங்க!" அது பெரிய கோப்பு. அழித்தால் நிறைய இடம் கிடைக்கும் என்று போனே அதைப் பட்டியலின் மேலே வைத்திருந்தது. நான் அதில் விரலை வைக்கவில்லை. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. 03-ல் தொடங்கும் நம்பர். வெட்டினேன். மறுபடியும் அடித்தது. வெட்டினேன். மூன்றாம் தடவை, "இவனுங்களுக்கு வேற வேலையே இல்ல" என்று வாய்விட்டுச் சொல்லி, அந்த நம்பரைத் தடை செய்தேன். எப்படித் தடை செய்வது என்று மகள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

இவ்வளவு அழித்தும் புலனம் திறக்கவில்லை. மறுபடி மறுபடி அதே அறிவிப்பு. நூற்றுக்கணக்கில் அழித்திருக்கிறேன், எங்கே போனது அந்த இடம்? வெகு நேரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. அழித்தவை எதுவும் அழியவில்லை. எல்லாம் போனுக்குள்ளேயே ஒரு குப்பைத் தொட்டியில் கிடந்தன. தவறுதலாக அழித்துவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வதற்காக ஒரு மாதம் அங்கேயே இருக்குமாம். தொட்டியைக் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். காலி செய்தேன். புலனம் திறந்தது. நான் 'அப்பாடா' என்றேன்.

பிறகு செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. குழுக்களின் ரோஜாப்பூக்களுக்கு நடுவில் அவள்.

"மா, எடுங்க."

"ரத்தம் வருது மா."

"பக்கத்து வீட்டு ஆன்டி கார்ல கூட்டிட்டுப் போறாங்க. நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க." கூடவே லொக்கேஷன்.

"ஒரு டிக்தான் வருது. போன ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"சோரி மா. அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. வாங்க மா."

"பேட்டரி முடியப் போகுது. பயமா இருக்கு."

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. செய்தி போய்ச் சேர்ந்தால் இரண்டு டிக் விழும். ஒன்று மட்டும் விழுந்தால் அடுத்தவர் போனை அணைத்து வைத்திருக்கிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வீம்பு பிடித்த அம்மா போனை அணைத்துவிட்டாள் என்று நினைத்தவள், புலனத்தில் கூப்பிட்டதோடு சரி, சாதாரண கால் போட்டுப் பார்க்கவே இல்லை.

அவள் போனுக்கு அடித்தேன். அணைந்திருந்தது. தடை செய்த நம்பரைத் தேடி எடுத்து அடித்தேன். பிரசவ வார்டு. ஒரு மலாய்த் தாதி பேசினார். நான் மகளின் பெயரைச் சொன்னேன். "புவான் இனி இபு டியா கா?" நீங்கள் அவளுடைய அம்மாவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வாருங்கள் என்றார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். வாருங்கள் என்று மறுபடியும் சொன்னார், இன்னும் மெதுவாக.

கீழே ஓடி வாடகைக் கார் ஒன்றைப் பிடித்தேன். ஃபெடரல் நெடுஞ்சாலை அடைத்துக்கொண்டிருந்தது. "அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் போங்கண்ணே" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அக்கா, முன்னாடி பாருங்க, எல்லாம் ஜாம். என்னால பறக்க முடியாது லா" என்றார். பிறகு என் முகத்தில் என்ன கண்டாரோ, வானொலியை அணைத்துவிட்டு ஓரத் தடத்துக்கு வண்டியைத் திருப்பினார்.

எல்லாம் முடிந்திருந்தது. திரைச்சீலைக்குள் அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். வயிறு பாதியாகியிருந்தது. தலையைத் தடவப் போனேன். அவள் முகத்தைத் திருப்பவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

"பொண்ணு மா" என்றாள். "பாக்குறீங்களான்னு கேட்டாங்க. யாராச்சும் கூட இருந்தா பாக்கலாம்னு கொஞ்ச நேரம் இருக்கச் சொன்னேன். அப்பறம் நானே பாத்துட்டேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"எனக்கு மனப்பாடமா தெரிஞ்ச நம்பர் ஒங்க நம்பர் மட்டும்தான். நர்ஸ்கிட்ட சொல்லி அடிக்கச் சொன்னேன். போன் ஆஃப்னு வரும்னு பாத்தா, ரிங் போகுதுன்னாங்க. அப்பறம் கட் பண்றாங்கன்னாங்க. கோவமா இருந்தீங்க, சரி. கட் பண்ணுவீங்களா மா?"

"ஸ்கேம்னு நெனச்சுட்டேன் கேர்ள். நீன்னு தெரியாது."

"மெசேஜ்?"

"போன் ஃபுல்லாயிருச்சு. இடம் இல்லாம..."

"ஃபுல்லா?" அவள் சிரித்தாள். சின்னதாக, மூக்கால். "ரோசாப்பூவா?"

மறுநாள் மருமகன் வந்து சேர்ந்தார். ஹெலிகாப்டரில் கரைக்கு வந்து, விமானம் பிடித்து, வேலைச் சட்டையோடு. அவர்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு நான் நடைபாதையில் உட்கார்ந்துகொண்டேன்.

பிள்ளை தங்கினாலும் தங்காவிட்டாலும் உடம்புக்குப் பத்தியம் உண்டு. மார்பில் பால் கட்டும். அதற்குத் தெரியாதே பிள்ளை இல்லை என்று. தாய் வீட்டில்தான் பார்ப்பது வழக்கம். நான் அவள் அறையில் மெத்தை விரிப்பு மாற்றி, சுக்கும் பூண்டும் வாங்கி வைத்திருந்தேன். அவள் மாமியார் வீட்டுக்குப் போனாள். மருமகன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அத்த, இப்போதைக்கு அங்க இருக்கட்டும். கோவிச்சுக்காதீங்க." கோபிக்க எனக்கு என்ன இருக்கிறது? புண் ஆற ஹாருவான் என்கிற விரால் மீன் சூப் வைத்துத் தூக்கில் ஊற்றி அவரிடம் கொடுத்துவிடுவேன். தூக்கு கழுவித் திரும்பி வரும். "குடிச்சாளா?" என்று கேட்பேன். "பாதி" என்பார். பொய்யாகவும் இருக்கலாம். நல்ல பிள்ளை.

எல்லாக் குழுக்களிலிருந்தும் வெளியே வந்துவிட்டேன். போனில் இப்போது எவ்வளவோ இடம். அது அடிப்பதே இல்லை. அடித்தால் எந்த நம்பராக இருந்தாலும் எடுக்கிறேன். ஒரு நாள் நிஜமாகவே ஒரு மோசடிக்காரன் பேசினான். நீதிமன்றத்தில் என் பெயரில் வழக்கு இருக்கிறதாம். அவன் முடிக்கும்வரை கேட்டேன். "என்ன ஆன்டி, பேச மாட்றீங்க?" என்று அவனே குழம்பிப் போய் வைத்துவிட்டான்.

மகளுக்குச் செய்தி அனுப்பத் தட்டுவேன். சாப்பிட்டாயா என்ற ஒரு வரிதான். அனுப்பாமல் அழித்துவிடுவேன். எத்தனை தடவை கேட்பீர்கள் என்றாளே. கேட்காமல் இருந்த நாளில்தானே அது நடந்தது. எது சரி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சோற்றை வடித்துக்கொண்டிருந்தபோது கிரில் கதவை யாரோ ஆட்டினார்கள். அவள்தான். தளர்ந்த சுடிதார், கலைந்த தலை, கையில் துணிப் பை. கீழே மருமகன் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். பூட்டைத் திறக்க எனக்கு வெகு நேரம் ஆனது.

அவள் உள்ளே வந்து, நான் அன்றைக்கு உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். "சோறு போடவா?" என்று கேட்டேன்.

"அப்பறம்." மேசையில் இருந்த என் போனைப் பார்த்தாள். "மா, அன்னைக்கு எல்லாத்தையும் அழிச்சீங்கல்ல."

"ம்."

"அந்த ஸ்கேன் வீடியோவும் போச்சா?"

"இல்ல. அதத் தொடவே இல்ல."

"நெசமா?"

"நெசமா கேர்ள். இரு, காட்டுறேன்." போனை எடுத்தேன். அவள் கையை நீட்டி என் கையோடு சேர்த்துப் போனை மேசையில் அமுக்கினாள். அவள் கை சூடாக இருந்தது. அதை அவள் எடுக்கவில்லை.

"போடாதீங்க. என்னோடத நான் ஆஸ்பத்திரியிலயே அழிச்சிட்டேன். இப்ப பாக்க முடியாது மா." கீழே ரயில் ஒன்று சென்ட்ரல் நிலையத்துப் பக்கம் போனது. "எனக்கு அனுப்பவும் வேணாம். அழிச்சிடவும் வேணாம். ஒங்ககிட்டயே இருக்கட்டும்."