ஆம்புலன்ஸில் தூங்கியவர்

எஸ்டேட் ஆஸ்பத்திரியை மூடியபோது அதன் பழைய ஆம்புலன்ஸை வாங்கி, ஊர் சுற்றும் வண்டியாக மாற்றிய மெக்கானிக் ஒருவர் எங்கள் தாப்பா ஊரில் இருந்தார். பெரிய தொந்தி, சின்ன மீசை. மாதாமாதம் அந்த வண்டிக்கு ஏதாவது செய்தாக வேண்டும் அவருக்கு. அடுப்பு வைத்தார், பூப்போட்ட திரை மாட்டினார். ஸ்ட்ரெச்சரை மட்டும் கழற்றவில்லை. அதில் படுத்தால்தான் தூக்கம் வருமாம்.

ஆற்றோரம் வண்டியை நிறுத்தினால் போதும், யாருக்கு என்ன ஆச்சோ என்று தோட்டத்துச் சனம் கூடிவிடும். ஒருமுறை அவர் தூங்குவதை எட்டிப் பார்த்த ஓர் அம்மா ஒப்பாரியே வைத்துவிட்டார். இவர் எழுந்து உட்கார்ந்ததும் அது அலறலானது.

மறுநாளே பின்கதவில் 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று தமிழிலும் மலாயிலும் எழுதினார். அடுத்த மாதம் நான் போய்ப் பார்த்தால், அதைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே அழிக்கிறீங்க?"

"கேமரன் மலையில வண்டி படுத்துக்கிச்சு தம்பி. கை காட்டுறேன், எல்லாரும் எழுத்தைப் படிச்சிட்டு டாட்டா காட்டிட்டுப் போறாங்க லா."

"அப்போ மறுபடியும் ஒப்பாரி வைப்பாங்களே?"

"வைக்கட்டும் லா. அழுறவங்களாவது நின்னு பார்ப்பாங்க."

அதன்பின் அந்த வண்டி எங்கே நின்றாலும் என் மோட்டார் சைக்கிளும் நிற்கும். உள்ளே குறட்டை கேட்ட பிறகுதான் கிளம்புவேன்.