மலைக்கு அங்கால் ஓடும் தண்ணீர்

எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கலியாணமானது. பெண் லுணுகலை மலைப்பக்கம். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். அந்தக் குளிரில் என்னால் இருக்க முடியாது என்று அவளைக் கடலோரம் எங்கள் ஊரான கல்முனைக்குக் கூட்டிவந்துவிட்டேன்.

எங்கள் வயல்களுக்குப் பாயும் கல்லோயா ஆறு மலையிலிருந்து வருகிறது என்பது அவளுக்குத் தெரியும். அதனால் தன் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடைதான் எங்கள் வயலுக்கு வருகிறது என்று முடிவுகட்டியிருந்தாள்.

"எங்கட தண்ணியிலதான் நீங்க வெள்ளாம செய்றீங்க" என்பாள்.

என் வாப்பாவும் அதை நம்பினார். வாய்க்காலில் தண்ணீர் பிந்தினால் அவளைத்தான் கேட்பார்: "என்ன புள்ள, உங்கட ஊருல மழ இல்லயா?"

அறுவடை முடிந்ததும் இருவரும் மலைக்குப் போனோம். இறங்கியதும் முதல் வேலையாக ஓடையைக் காட்டினாள். அது சூரியன் விழும் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கடல் இருப்பதோ கிழக்கே. அது எங்கே போகிறது என்று அவள் வாப்பாவிடம், என் மாமாவிடம், கேட்டேன்.

"இது மகாவலிக்குப் போறது, மருமகன். மூதூர்ப் பக்கம் போய்த்தான் கடல்ல விழும். உங்கட ஆத்துக்குப் போறது மலைக்கு அங்கால" என்றார் அவர்.

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவள் அறைக்குள் போனாள்; இராச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தாள்.

காலையில் என் செருப்பைக் கொண்டுவந்து முன்னால் போட்டாள். "வாங்க, அங்கால போய்ப் பாப்பம்."

தேயிலைக்குள்ளால் ஏறி மறுபக்கம் இறங்கினோம். ஒரே எட்டில் தாண்டக்கூடிய ஓடை ஒன்று கிழக்கே ஓடியது. சூரியனைப் பார்த்துத் திசையை உறுதிசெய்த பிறகுதான் அவள் கல்லில் உட்கார்ந்தாள்.

"இது நேரா நம்மட ஊருக்கு வருமா?"

"முந்தி வந்த. வாப்பாட சின்ன வயசில பட்டிப்பள ஆறு எண்டுதான் பேர். மாரியில வயல எல்லாம் மூடிப்போடுமாம். இப்ப இங்கினியாகலயில அணையக் கட்டி மறிச்சிட்டாங்க. அங்க போய்க் குளத்துக்குள்ள நிக்கும். கதவத் தொறந்தாத்தான் நம்மட வாய்க்காலுக்கு வரும்."

"அப்ப கதவத் தொறக்கிறவன்ட கையிலதான் எல்லாம்."

"ஓம்."

அவள் சிரித்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. திரும்பும் வழியில் என் கால் இரண்டிலும் அட்டை ஏறிவிட்டது. மாமி உப்பைத் தேய்த்து ஒவ்வொன்றாக விழுத்த, அவள் பக்கத்தில் நின்று, நாங்கள் பார்த்த ஓடையின் அகலத்தை மாமாவுக்குக் கைகளை விரித்துக் காட்டினாள். நான் பார்த்ததைவிட அது மூன்று மடங்கு பெரிதாக இருந்தது.