ஒன்பதாம் நாளே முடிந்த கருமாதி

எனக்குக் கனடாவில் பி.ஆர். இருக்கிறது. அங்கே நிரந்தரமாகத் தங்கலாம், வேலை பார்க்கலாம், வைத்தியத்துக்குக்கூட அரசாங்கம் இருக்கிறது. ஓட்டு மட்டும் கிடையாது, பாஸ்போர்ட்டும் இந்திய பாஸ்போர்ட்தான். இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஐந்து வருடத்தில் மொத்தம் இரண்டு வருடமாவது அந்த மண்ணில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பி.ஆரைப் பறித்துவிடலாம். அம்மா செத்தபோது இந்த நிபந்தனையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

அம்மா வில்லாபுரத்தில் அக்கா வீட்டில் இறந்தாள். எங்கள் வழக்கப்படி பதினாறாம் நாள் கருமாதி. ஒரே மகன் நான் இருந்து தலையில் உருமாத் துண்டு கட்டிக்கொள்ள வேண்டும். ஆறாம் நாளே எனக்குத் தாங்கவில்லை. வெயில், வீடு முழுக்கச் சொந்தம், ஒரே கழிவறை. துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அம்மாவின் கடைசி மூச்சைப் பற்றி, நான் பார்க்காததைப் பார்த்த மாதிரி சொல்ல வேண்டும்.

"அக்கா, நாலஞ்சு நாளுக்குள்ள நான் அங்க போய் எறங்கலைன்னா பி.ஆர். போயிரும்" என்றேன். சுத்தப் பொய். பி.ஆர். வாங்கிய நான்கு வருடத்தில் நான் ஊருக்கு வந்ததே இரண்டு முறைதான்; இருக்க வேண்டிய இரண்டு வருடத்துக்கு மேலேயே அங்கே இருந்தாகிவிட்டது.

அக்கா பதறிவிட்டாள். "ஒன் பி.ஆர். கார்டையும் பாஸ்போர்ட்டையும் குடு. கே.கே. நகர்ல வெளிநாட்டுக்கு அனுப்புற ஆபீஸ் ஒன்னு இருக்கு. ஏதாச்சும் வழி இருக்கான்னு கேட்டுட்டு வாரேன்."

"அதெல்லாம் முடியாதுக்கா" என்றேன். அவள் கேட்கவில்லை. கருமாதிக்கு முன்னால் வாசல் தாண்டக் கூடாது என்று பெரியம்மா சத்தம் போட்டதையும் சட்டை செய்யாமல் ஆட்டோவில் ஏறிப் போனாள்.

மத்தியானம் திரும்பி வந்து கார்டையும் பாஸ்போர்ட்டையும் என் கையில் கொடுத்தாள். "முடியாதாம்" என்றாள். அந்த ஆபீஸ்காரனுக்குச் சட்டம் தெரியவில்லை என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

சாயங்காலம் பங்காளிகள் கூடினார்கள். "பெத்தவளுக்குப் பதினாறு நாள் இருக்க முடியாத அம்புட்டு அவசரமா?" என்றார் பெரியப்பா. அவர் முன்னால் உட்கார்ந்துகூடப் பேசாத அக்கா அன்று எதிர்த்துப் பேசினாள்.

"அங்க சட்டம் அப்படி பெரியப்பா. பொழைக்கப் போனவன் பொழப்பு கெட்டுறக் கூடாது."

கருமாதி ஒன்பதாம் நாளுக்கு வந்தது. மொட்டை போட்டு, உருமாக் கட்டிக்கொண்டு, மறுநாளே கிளம்பினேன்.

விமான நிலையத்துக்கு அக்காவும் வந்தாள். உள்ளே போகும் முன் என் காலரைச் சரி செய்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"இன்னும் ஒரு வருசம் இங்க இருந்தாலும் ஒன்னும் ஆகாதேம்மான்னு அந்த ஆபீஸ்காரரு சொன்னாருடா. யார்கிட்டயும் சொல்லல. இங்க இருக்கப் பிடிக்கலைன்னு நீ எங்கிட்டச் சொல்லிருக்கலாம். பெரியப்பாகிட்ட நான் எதையாச்சும் சொல்லி அனுப்பி வச்சிருப்பேன்."

தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பதினாறாம் நாள் அக்கா தனியாக அம்மா படத்துக்குப் படையல் போட்டிருக்கிறாள். நானும் பார்க்கட்டும் என்று வீடியோவில் கூப்பிட்டாள். போன் அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.