கயிறு பிடிக்கிற ஆள்

என்னை மரம் வெட்டுகிறவன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுர்ரென்று வரும். மரம் வெட்ட ஒரு கோடாரியும் ஒரு முட்டாளும் போதும். நாங்கள் செய்வது மரத்தை இறக்குகிற வேலை. வீட்டுக்கும் கரண்டுக் கம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிற மரத்தை, கிளை கிளையாகக் கயிற்றில் கட்டி அறுத்து, ஓர் ஓடு உடையாமல் தரையில் கொண்டுவந்து படுக்க வைக்க வேண்டும். கடலூரில் ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் இந்த வித்தியாசத்தை வாசல் வாசலாக நின்று விளக்கியிருக்கிறேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, மரம் வெட்ட எத்தினி நாளு ஆவும்?" என்பார்கள்.

நாங்கள் என்றால் இரண்டே பேர். மேலே ஏறுகிறவன் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி. கீழே கயிறு பிடிக்கிறவன் நான். அதற்கு முன்னால் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வெல்டராக இருந்தேன். ஆட்களைக் குறைத்தபோது முதலில் குறைந்தது நான்தான். வேலையில் குறை இல்லை, வாய் ஜாஸ்தி.

ஆரம்பத்தில் கிளையை இறக்க நாலு பேரைக் கூலிக்குப் பிடித்துக் கயிற்றைக் கொடுப்போம். நாலு பேருக்கும் நாலு யோசனை. ஒருவன் இழுப்பான், ஒருவன் விடுவான், ஒருவன் போன் பேசுவான், நாலாமவன் மற்ற மூவரையும் திட்டுவான். மேலே மச்சான் இடுப்பு பெல்ட்டோடு தொங்கிக்கொண்டு இதையெல்லாம் பார்த்தபடி இருப்பான். அவனுக்குப் பயம் என்பது கிடையாது. அவனுக்கும் சேர்த்து என் மனைவி பயந்துகொள்வாள்.

ஒருநாள் முதுநகர் துறைமுகத்தில் மீன் வாங்க நின்றிருந்தேன். கரைக்கு வந்த ஒரு பெரிய விசைப்படகை ஒரே ஆள் பிடித்து நிறுத்தினார். கரையில் நட்டிருந்த இரும்புக் கட்டையில் கயிற்றை மூன்று சுற்று சுற்றி, நுனியை ஒரு கையில் வைத்திருந்தார். இன்னொரு கையில் டீ. படகு இழுத்த இழுப்பெல்லாம் அந்தக் கட்டையோடு போயிற்று. டீ சிந்தவில்லை. மீன் வாங்க மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்தக் கட்டையை மரத்துக்கு மரம் தூக்கிக்கொண்டு போக முடிந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் என் கண்டுபிடிப்பு. பழைய இரும்புக் கடையில் கனமான குழாய் ஒன்றைப் பிடித்தேன். முதலில் செய்தது மெல்லிசாக இருந்ததால் கயிற்றைக் கருக்கியது. இரண்டாவதில் நான் வைத்த வெல்டிங்கே விட்டுக்கொண்டது. இருபது வருஷ வெல்டருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது நின்றது. ஒரு முழ நீளத்தில் தடித்த உருளை. கயிறு நழுவாமலிருக்க இரண்டு முனையிலும் கொம்பு. பின்னால் ஒரு தகடு. லாரியில் சரக்குக் கட்டுகிற பெல்ட்டால் அதை அடிமரத்தில் இறுக்கிவிடுவோம். கிளையில் கட்டிய கயிறு உச்சியிலிருக்கிற கப்பி வழியாகக் கீழே வந்து இந்த உருளையில் மூன்று சுற்று சுற்றும். நுனி என் கையில். அரை டன் கிளை தொங்கினாலும் எனக்கு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்குகிற கனம்தான் தெரியும்.

நான் அதற்குப் 'பிடிமானம்' என்று பெயர் வைத்தேன். மச்சான் தூரத்தில் நின்று பார்த்து, "மரத்துக்குத் தொந்தி போட்ட மாதிரி இருக்கு மாமா" என்றான். அதோடு என் பெயர் போயிற்று. எல்லோருக்கும் அது தொந்திதான்.

தொந்தி ஏன் வேலை செய்கிறது என்று கேட்காதவர்களுக்கும் சொல்வேன். இரும்பும் கயிறும் உரசுகிற உரசல்தான் எல்லாம். கையில் பலம் வேண்டாம், அவசரப்படாமலிருந்தால் போதும். டீக்கடையில் சொல்லியிருக்கிறேன், கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லியிருக்கிறேன். ஒரு துக்க வீட்டில்கூடச் சொல்லி மனைவியிடம் கிள்ளு வாங்கியிருக்கிறேன்.

இப்படி இருக்கும்போது மச்சானுக்கு முப்பத்து மூன்று வயது ஆகிவிட்டது. பெண் பார்க்கப் போகிற இடங்களில் "மாப்ள என்ன பண்றாரு?" என்று கேட்பார்கள். சொல்வோம். அதற்கு அப்புறம் பஜ்ஜி வராது. ஒரு வீட்டில், "கள்ளு எறக்கறதுக்குத்தான் தடை இருக்கே?" என்று அக்கறையாக விசாரித்தார்கள்.

கடைசியில் சிதம்பரத்துக்கு வெளியே, புவனகிரி போகிற ரோட்டில் ஒரு வீடு அமைந்தது. பெண் ஒரு டிராவல்ஸில் டிக்கெட் போடுகிற வேலையில் இருந்தாள். இரண்டு பேரும் கொல்லைப்பக்கம் நின்று கால் மணி நேரம் பேசினார்கள். திரும்பி வந்த மச்சான் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் அக்காவிடம், "இது அமையலன்னா எனக்கு வேற பொண்ணே பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டான். பத்து வருஷத்தில் அவன் எதையாவது வேண்டும் என்று கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பெண்ணின் அப்பா ரிட்டயரான பஸ் கண்டக்டர். ஒவ்வொருவர் முகத்தையும் டிக்கெட் எடுத்தவனா, எடுக்காதவனா என்பதுபோலப் பார்ப்பார். என்னிடம், "பையன் நல்ல பையன்தான் தம்பி. ஆனா காலையில போன புள்ள சாயங்காலம் முழுசா வீட்டுக்கு வரணும் இல்ல?" என்றார். பிறகு கொல்லையைக் காட்டினார். வீட்டின்மேல் பாதி சாய்ந்தபடி ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. அதன் கீழே, கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்காகப் புதிதாகக் கட்டிய பாத்ரூம். "விஜயதசமி அன்னிக்கு வந்து இதை எறக்குங்க. நான் பக்கத்துல நின்னு பாக்கறேன். மனசுக்குப் புடிச்சா தட்டு மாத்திக்கலாம்."

ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் ஒரு சாமானையும் விடமாட்டோம். அறுக்கிற மெஷின், அரிவாள், கப்பி, ஏணி எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, அன்று முழுக்கத் தொடமாட்டோம். மறுநாள் விஜயதசமிக்கு நல்ல நேரத்தில் எடுத்து வேலையைத் தொடங்குவோம். அந்த வருஷம் தொந்தியை நான் யாரிடமும் விடவில்லை. சம்பந்தி வீட்டுக்குப் போகிற சாமான். அங்கங்கே துருவேறி அசிங்கமாக இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துணியில் நல்லெண்ணெய் தொட்டு மூன்று தடவை துடைத்தேன். முகம் பார்க்கலாம் போல மின்னியது. பட்டை போட்டு, குங்குமம் வைத்து, தள்ளி நின்று ரசித்தேன். உரசலைப் பற்றித் துக்க வீட்டில் பேசினவன் நான்தான் என்பதை இந்த இடத்தில் நினைவுபடுத்திவிடுகிறேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மச்சான் மரத்தில் இருந்தான். பெண்ணின் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் சமையலறை வாசலில் நின்றாள். முதல் நாலைந்து சின்னக் கிளைகள் அழகாக இறங்கின. வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக வருகிறதே என்று எனக்குத் தோன்றியது. நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டேன். "பாத்தீங்களா, கையில கனமே தெரியாது" என்று அவரிடம் விளக்கவும் ஆரம்பித்திருந்தேன்.

அடுத்தது பாத்ரூமுக்கு நேர் மேலே இருந்த பெரிய கிளை. மச்சான் முடிச்சைப் போட்டு, இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, மெஷினை வைத்தான். கிளை அறுந்து கயிற்றில் உட்கார்ந்தது. உட்கார்ந்தது நிற்கவில்லை. கயிறு தொந்தியின்மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது. நான் இறுக்கிப் பிடித்தேன். கையுறை போட்டால் கயிறு பேசுவது தெரியாது என்று பெருமையாகச் சொல்லி வெறுங்கையோடு நிற்பவன் நான். உள்ளங்கை இரண்டும் பற்றிக்கொண்டன.

"மாமா, விட்ரு! கைய விட்ரு!" என்று மேலேயிருந்து கத்தினான். விட்டேன்.

கிளை பாத்ரூமுக்குள் போயிற்று. சிமெண்ட் ஷீட் தூள் தூளானது. வெஸ்டர்ன் டாய்லெட் ஒன்று புதிதாக வைத்திருந்தார்கள். அதன் கதையும் முடிந்தது. உள்ளே ஆள் இல்லை, மச்சான் பக்கம் ஒரு குச்சிகூடப் போகவில்லை. அதற்கு எந்தச் சாமிக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் எல்லோருக்கும் சொன்னேன்.

மச்சான் இறங்கி வந்தான். பெண்ணின் அப்பா நாற்காலியைவிட்டு எழுந்து அவன் எதிரில் போய் நின்றார். "முடிச்சு அவுந்துடுச்சா?" என்றார்.

கிளை இலையும் உடைந்த ஷீட்டுமாக மூடிக் கிடந்தது. முடிச்சு யார் கண்ணுக்கும் தெரியவில்லை. மச்சான் என்னை ஒரு தடவை பார்த்தான். நான் என் கையைப் பார்த்தேன்.

"தப்புதாங்க. மன்னிச்சுக்குங்க" என்றான்.

"ஒரு முடிச்சு ஒழுங்காப் போடத் தெரியல. உங்கள நம்பி நான் எப்பிடிப்பா பொண்ணக் குடுக்கறது?"

மச்சான் தலையைக் குனிந்து பெல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தான். வெந்த கையை நான் மூக்கருகே கொண்டுபோனேன். கருகின நல்லெண்ணெய் வாசம். புரிந்த பிறகும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஊரெல்லாம் நான் பேசின பேச்சு அப்படி. வாயால் வேலை போனவனுக்கு, வேண்டிய நேரத்தில் வாய் வரவில்லை. மச்சான் பெல்ட்டைச் சுருட்டிப் பையில் வைத்த பிறகுதான் வந்தது.

"ஐயா, முடிச்சு அவுரல. தொந்திக்கு நான் எண்ணெய் போட்டுட்டேன். பூஜைக்கு."

அவர் நம்பவில்லை. பாத்ரூமுக்குள் கால் வைத்து ஏறி, இலையை விலக்கி, கிளையைப் பார்த்தார். முடிச்சு போட்டது போட்டபடி இருந்தது. நகத்தால் பிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. திரும்பி வந்து தொந்தியை ஒரு விரலால் தடவி, அந்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, பிரேக்குக்கு யாராச்சும் எண்ணெய் போடுவாங்களா?"

இத்தனை வருஷம் நான் விளக்கிவந்ததை அவர் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

அதற்குள் அந்தப் பெண் டூத்பேஸ்ட்டைக் கொண்டுவந்து என் கையில் அப்பினாள். பிறகு தொந்தியைக் கழற்றச் சொல்லி, பாத்திரம் தேய்க்கிற தூளும் தேங்காய் நாரும் போட்டுக் குழாயடியில் தேய்த்தாள். சந்தனம், குங்குமம், பட்டை எல்லாம் போயிற்று. மீதி மரம் வீட்டின்மேல் நின்றுகொண்டிருந்தது, அதை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. என் கை இரண்டும் உதவாது. அவள் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகி மூன்று மாதம்.

"நான் புடிக்கிறேன். பலம் வேணாம், அவசரப்படாம இருந்தா போதும்னு இவருதான அன்னிக்குப் பேசும்போது சொன்னாரு" என்று மச்சானைக் காட்டினாள். கொல்லைப்பக்கம் நின்று கால் மணி நேரம் அவன் என்ன பேசியிருக்கிறான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மச்சான் மறுபடி ஏறினான். நான் அவள் பக்கத்தில் நின்று, இப்படிப் பிடி, அப்படி விடு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "அண்ணா, கொஞ்ச நேரம் பேசாம இருங்க" என்றாள். பேசாமலிருந்தேன். அவள் மேலே பார்த்து, "விடலாமா?" என்றாள். "விடுங்க" என்றான். கிளை இறங்கி வந்தது. சாயங்காலத்துக்குள் மரம் முழுக்கத் தரையில் இருந்தது.

காபி கொடுத்துவிட்டுப் பெண்ணின் அப்பா சொன்னார்: "மாப்ள மரம் ஏறட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா கீழ கயிறு மட்டும் இந்தத் தம்பி புடிக்கக் கூடாது. சம்மதம்னா மேல பேசலாம்."

மச்சான் வாயைத் திறப்பதற்குள் நான் "சம்மதம்" என்றேன். சொல்லும்போது அழுகை முட்டியது. தொந்தியை நான் பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருந்தேன்.

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. டிராவல்ஸ் வேலையை விட்டுவிட்டு அவள்தான் கயிறு பிடிக்கிறாள். என்னைவிட நன்றாகப் பிடிக்கிறாள் என்று சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அதுதான் உண்மை. நான் கிளைகளைத் துண்டுபோட்டு வண்டியில் ஏற்றுகிறேன்.

மரத்தை இறக்கின அன்று திரும்பும்போது மச்சான்தான் லோடு ஆட்டோவை ஓட்டினான். புவனகிரி தாண்டியாயிற்று. பிறகு நான் கேட்டேன்.

"முடிச்சு அவுந்துச்சுன்னு நெனச்சியாடா?"

"என் முடிச்சு அவுராது."

"அப்புறம் எதுக்குத் தப்புதாங்கன்னு சொன்ன?"

எதிரே வந்த டவுன் பஸ்ஸுக்கு வழிவிட்டான்.

"பொண்ணுதான மாமா, இல்லன்னா இல்ல. உன்னப் போயி நாலு பேரு எதுர்ல தலகுனிய வைக்கச் சொல்றியா?"

எனக்குக் கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. கை நிறைய டூத்பேஸ்ட் இருந்ததால் துடைத்துக்கொள்ளவும் முடியாமல், கடலூர் வருகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.