மலையை மழிக்காத கணக்கு

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடை முனை. நட்டநடுச் சாலையில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ரம்ஷா நிற்கிறாள். பின்னால் ஹாரன் காதைக் கிழிக்கிறது.

“ஏனுங்க அம்மணி, வண்டி ரிப்பேருங்களா?” என்கிறார் ஆட்டோக்காரர்.

“இல்லீங்கண்ணா, ஒரு கவர் சுத்துது பாருங்க.”

அவரும் எட்டிப் பார்க்கிறார். சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் பை தட்டாமாலை சுற்றிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான். தலையில் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போகிறார், பாவம்.

காற்று கண்ணில் படுகிற இடமெல்லாம் அவளுக்குப் படிப்புதான். கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைக்குள் புகும் காற்றைக் கணினியில் கணக்காக ஓட்டிப் பார்க்கும் ஆராய்ச்சியில் சேர்ந்தவள். உக்கடத்தில் சாமியானாப் பந்தல் போடும் அவளுடைய அத்தா அப்துல் நாசருக்குப் பெருமை பிடிபடவில்லை. “எம்புள்ள காத்துக்கே டாக்டருங்க” என்று கல்யாண வீட்டாரிடம் அளப்பார். அவர்கள் உடனே அவளைப் போனில் பிடித்து, முகூர்த்தத்தன்று காற்றடிக்குமா என்பார்கள். “அது வேற டிபார்ட்மெண்ட்டுங்க” என்று நழுவுவாள்.

அவளுடைய தலைவலியே வேறு. வானத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்றின் வேகத்தைக் கணினி கணக்கிடும். செங்குத்தான மலைச்சரிவுக்கு வந்ததும் கட்டங்கள் கோணிக்கொள்ளும். எண்கள் வெறிபிடித்து ஏறும். உலகத்தில் இல்லாத சூறாவளியைக் காட்டிவிட்டுக் கணக்கு செத்துப்போகும். மாதக்கணக்கில் இதே கூத்து! பார்ப்பதோ ஒப்பந்த வேலை. இந்தக் கணக்கு சாகாமல் ஓடி முடிந்தால்தான் வேலை நீட்டிப்பு.

“கணக்குல மலைய லேசா மழிச்சு, சரிவக் கொறச்சுப்போடும்மா, எல்லாரும் பண்றதுதான்” என்றார் துறைத்தலைவர். இவளுக்குப் பிடிவாதம் கொஞ்சநஞ்சமல்ல. “மலைய மழிச்சுப்போட்டா வர்றது நம்மூர்க் காத்தே இல்லீங்க சார்.” மலையைத் தொடாமல், சரிவுக்கு ஏற்றபடி கட்டங்களை வெட்டும் வழியில் எல்லாவற்றையும் புதிதாக எழுதினாள். சோறு தண்ணி மறந்தாள்.

ஞாயிறு மத்தியானம், வீட்டில், அந்தக் கணக்கு ஓடுகிறது. சரிவு வந்தது. வழக்கமாகச் சாகிற இடமும் தாண்டியது. ரம்ஷாவுக்குத் திரையைப் பார்க்கத் தைரியமில்லை. கணக்கு செத்தால் கணினிப் பெட்டியின் உறுமல் அடங்கிவிடும், அது அவளுக்குத் தெரியும். சட்டென்று எழுந்து மின்விசிறியை நிறுத்துகிறாள்.

“ஏன் கண்ணு, இந்த வேக்காட்டுல ஃபேன நிறுத்திப்போட்ட?” என்று பாயிலிருந்து எழுகிறார் அத்தா.

“சத்தம் போடாதீங்கத்தா. கணக்கு ஓடிட்டே இருக்கு!”

வியர்வை வழிய வந்து நின்றவரின் தலையை இழுத்து, உறுமிக்கொண்டிருக்கும் பெட்டியோடு அவர் காதைச் சேர்த்து வைக்கிறாள்.