காச்யப கோத்திரத்துப் பியானோக்காரர்

உயிரோடு இருக்கிற ஒரு மனிதருக்கு நான் எள்ளும் தண்ணீரும் விட்டிருக்கிறேன். தெரியாமல் செய்ததுதான். ஆனால் அலமாரி நிறையப் புத்தகமும் சட்டைப் பையில் இணையமும் வைத்துக்கொண்டிருப்பவன் தெரியாமல் செய்தேன் என்றால், அதை வெகுளித்தனம் என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

அவர் அமெரிக்காவில் பியானோ வாசித்துக்கொண்டு, தானே எழுதிய ப்ளூஸ் பாட்டுகளைப் பாடுகிறவர். பெயரை எழுதப் போவதில்லை. இதுவரை அவருக்கு நான் செய்ததே போதும்.

கல்லூரியில் ஒரு நண்பன் பதிவு செய்து கொடுத்த கேசட்டில் பிடித்த பைத்தியம். பிறகு குறுந்தகடுகளாக வாங்கிச் சேர்த்தேன். ப்ளூஸ் பாட்டின் அமைப்பு எளிமையானது. முதல் வரியைப் பாடுவார். நமக்குக் காது மந்தமோ என்ற சந்தேகத்தில் அதையே மறுபடியும் பாடுவார். மூன்றாவது வரியில் பெண்டாட்டி போய்விட்டிருப்பாள். நடுநடுவே இடது கை ரயில் போல ஓடிக்கொண்டிருக்க, வலது கை ஜன்னலில் தலையை நீட்டி யாரையோ வம்புக்கு இழுக்கும். மயிலாப்பூரில் இதை ரசிக்கிற ஒரே ஆள் நான் என்பதில் எனக்கு இருந்த கர்வம், பாட்டில் இருந்த துக்கத்தைவிடப் பெரிது.

கடைசியாக வந்த தகட்டின் அட்டையில் அவர் படம் இருந்தது. கறுப்புச் சட்டம் போட்ட படம். பியானோவின் மேல் வைத்திருந்தார்கள். முன்னால் ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது. பக்கத்தில் வெள்ளைப் பூக்கள். இந்தப் பேட்டையில் வளர்ந்தவனுக்கு சட்டமும் விளக்கும் பூவும் சேர்ந்தால் ஒரே அர்த்தம்தான். அதற்குப் பிறகு பல வருஷம் புதிதாக எதுவும் வரவில்லை. வேறென்ன சான்று வேண்டும்? நான் ஒரு நாள் முழுக்கத் துக்கம் காத்தேன். மத்தியானம் மட்டும் சாப்பிட்டேன்.

மகாளய அமாவாசையன்று வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்து தர்ப்பணம் செய்துவைப்பார். என்னைவிடச் சின்னவர். அன்றைக்கு அவருடைய ஸ்கூட்டருக்கு ஓய்வே கிடையாது. அப்பா வழி, அம்மா வழி எல்லாம் ஆனபின், நமக்கு வேண்டப்பட்ட மற்ற இறந்தவர்களுக்கும் தண்ணீர் விடலாம் என்று ஓர் ஏற்பாடு உண்டு.

"வேற யாராவது உண்டா மாமா? சிநேகிதா, பாடம் சொல்லிக் கொடுத்தவா?"

நான் ஒரு கணம் தயங்கிவிட்டுச் சொன்னேன். "ஒருத்தர் இருக்கார். பியானோ வாசிக்கறவர்."

"கோத்திரம்?"

"கறுப்பர். அமெரிக்காக்காரர்."

"கோத்திரம் தெரியலைன்னா காச்யபம். பேரைச் சொல்லுங்கோ."

சொன்னேன். அவர் அதன் வாலில் ஒரு சர்மாவைச் சேர்த்துக்கொண்டு, அது மட்டுமே காதில் விழும் வேகத்தில் மந்திரத்தை ஓட்டினார். மூன்று தடவை எள்ளும் தண்ணீரும் விட்டேன். தலைமுறை தலைமுறையாகப் பருத்தி பறித்த குடும்பத்தில் வந்தவர் ஒரு நொடியில் காச்யப கோத்திரத்துச் சர்மாவானார். இதற்கு அவர் சம்மதிப்பாரா என்று அப்போது யோசித்தேன். நேரிலேயே கேட்டிருக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து அந்தத் தகட்டைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். மனைவி போனும் கையுமாக வந்தாள்.

"ஏன்னா, நீங்க தர்ப்பணம் பண்ணினது இவருக்கா? இவர் இருக்காரே."

"எங்கே?"

"ஆஸ்பத்திரில."

போனை வாங்கிப் பார்த்தேன். வெகுகாலத்துக்குப் பிறகு ஒரு புதிய இசைத்தொகுப்புக்காகப் பாடிக்கொண்டிருந்தவர், பாதிப் பாட்டில் மூச்சுத்திணறிச் சாய்ந்துவிட்டாராம். ஒலிப்பதிவை நிறுத்திவிட்டார்களாம். நிலைமை கவலைக்கிடம்.

"என்னிக்காம்?" என்றேன்.

"அமாவாசையன்னிக்கு. நன்னா இருந்த மனுஷர். இங்கேர்ந்து தண்ணியை விட்டுச் சாய்ச்சுட்டேளே!"

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நான்கைந்து கட்டுரைகளில் எழுதியும் இருக்கிறேன். ஆனால் நம்பிக்கை இல்லாதவன் பயப்படக் கூடாது என்று எதிலும் எழுதவில்லை. அடுத்த நிமிஷம் வாத்தியாருக்குப் போன் செய்தேன்.

"உசிரோட இருக்கறவருக்கா? என்ன மாமா நீங்க!" என்றார். பின்னணியில் யாரோ ஹாரன் அடித்தார்கள். "ஒண்ணும் பதறாதேங்கோ. அவர் பேர்ல ஆயுஷ்ய ஹோமம் பண்ணிடலாம். சனிக்கிழமை நங்கநல்லூர்ல ஒரு சஷ்டியப்தபூர்த்தி இருக்கு. ஞாயித்துக்கிழமை கார்த்தால வரேன். அதுவரைக்கும் தாங்குவாரோல்லியோ?"

அது எனக்கு எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை வரை போனைப் பார்ப்பதும் பயந்து மூடுவதுமாகப் போயிற்று. தகடுகளையும் போட முடியவில்லை. எந்தப் பாட்டை எடுத்தாலும் மூன்றாவது வரியில் அவர் செத்துப்போய்க்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மாட வீதியில் ஹோமத்துக்குச் சமித்துக் குச்சிகளும் நெய்யும் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். ஓட்டுநர் மூட்டையைப் பார்த்தார்.

"யாருக்கு சார் ஓமம்? பையனுக்கா?"

"தெரிஞ்சவருக்கு. உடம்பு சரியில்லை. அமெரிக்காவுல இருக்கார்."

"ஏன், அங்க டாக்டருங்க இல்லியா? அவுரு அங்க கீறாரு, நீ இங்க குந்திகினு புகை போடப் போறியா? சொந்தமா?"

"இல்லை. அவர் பாட்டு கேட்டிருக்கேன்."

"பாட்டு கேட்டதுக்கா!" என்று திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். "நல்லா கேட்ட போ, நைனா."

ஞாயிறு காலை வாத்தியார் வந்து அக்கினி வளர்த்தார். சம்பந்தப்பட்டவர் எதிரில் இருந்தால் நல்லது என்றார். தகட்டின் அட்டையைப் பலகையில் சாய்த்து வைத்தேன். மனைவி அதற்குச் சந்தனம் வைத்தாள். வாத்தியார் அதைக் கையிலெடுத்து உற்றுப் பார்த்தார்.

"சட்டம், விளக்கு, புஷ்பம். என்ன மாமா இது? இதைப் பார்த்தா நானே தர்ப்பணம் பண்ணியிருப்பேன்."

அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அது.

"நட்சத்திரம்?"

"தெரியாது. ஆத்துல வெள்ளம் வந்த அன்னிக்குப் பொறந்தேன்னு ஒரு பாட்டுல வரும்."

"ஜலமா? அப்போ பூராடம்னு வச்சுக்கலாம். அதுக்கு ஜலம்தான் தேவதை."

இலக்கிய விமர்சனத்தில் இதைவிட மோசமான முடிவுகளை நான் பார்த்திருக்கிறேன். தலையாட்டினேன். புகை ஏறியது. பிராயச்சித்தம் முழுமையாக இருக்கட்டுமே என்று அவருடைய பாட்டு ஒன்றை மெதுவாக வைத்தேன். வாத்தியார் ஒவ்வொரு ஸ்வாஹாவுக்கும் நெய் விட, இடது கை ரயில் அதற்குச் சரியாக ஓடியது. கொஞ்சநேரம் இருவரும் சேர்ந்தே போனார்கள்.

"நன்னாத்தான் இருக்கு," என்றார் வாத்தியார். "ஆனா நிறுத்திடுங்கோ. நெய் சீக்கிரம் தீர்ந்துடும் போலருக்கு."

மறுவாரம் செய்தி வந்தது. பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்துவிட்டார். பொங்கலுக்குள் மீண்டும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய் மிச்சப் பாட்டுகளையும் முடித்துவிட்டார்.

கோடையில் அந்தத் தொகுப்பு இணையத்தில் வெளியானது. நானும் மனைவியும் சேர்ந்து கேட்டோம். குரலில் ஜல்லி விழுந்திருந்தது. வலது கை முன்போல வம்பு செய்யவில்லை. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவர் மூச்சை இழுப்பது தனியாகக் கேட்டது. அந்த மூச்சில் எனக்கும் பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது. மனைவியிடம் சொல்லத் துணிவில்லை. ஆனால் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். பாட்டை வாத்தியாருக்கு அனுப்பிவிட்டு, 'எல்லாம் உங்கள் மந்திர பலம்' என்று எழுதினேன்.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

"கேட்டேன் மாமா. ரொம்ப சந்தோஷம். ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதேங்கோ. அவர் பேர் எனக்கு வாய்ல நுழையவே இல்லை. ஏதோ அமெரிக்கா சர்மான்னு சொல்லி ஒப்பேத்திட்டேன்."

"எதுல? தர்ப்பணத்துலயா, ஹோமத்துலயா?"

"ரெண்டுலயும்தான் மாமா. வண்டில போயிண்டிருக்கேன், வச்சுடட்டுமா?"